பத்து வருஷ விசா, ஆறு மாதத் தங்கல்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் மாமி, மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சி கிளம்பும்போது பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். "பத்து வருஷம் போட்டிருக்கான். அன்னப்பிராசனம் முடிச்சுட்டு நிதானமா வர்றேன்."

பலரும் சறுக்குவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, அமெரிக்காவின் வாசல்வரை போய்க் கதவைத் தட்டுவதற்கு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கியதும் அதிகாரி முடிவு செய்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும். சுற்றிப் பார்க்கவும் வணிக வேலையாகவும் போகிறவர்களுக்கான பி1/பி2 விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். இறங்கின மறுநாளே இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதி ஆவதாக இருந்தால் தேதியைக் குறைத்தும் போட்டிருப்பார்கள்.

கூடுதலாகத் தங்கியே ஆகவேண்டுமா? சரி, ஐ-539 படிவத்தை அந்தத் தேதிக்கு முன்பே போட வேண்டும். "நாலு நாள்தானே" என்று விடாதீர்கள்; ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்து வருஷ விசா செல்லாமல் போகும். அந்தத் தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு, தாண்டிய ஒரு வருஷத்துக்குள் கிளம்பினால் 3 வருஷம் உள்ளே நுழைய முடியாது. ஒரு வருஷம் ஆகிவிட்டால் 10 வருஷம். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள்!

அப்புறம், "பயணத் தடைப் பட்டியலில் நம்ம நாடு இல்லையே" என்ற மெத்தனம். 2025 ஜூனில் டிரம்ப் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் போட்டபோது, பல நாடுகளுக்கு இப்படிக் கெடு தாண்டித் தங்கியவர்களின் சதவீதத்தையும் காரணமாகக் காட்டினார்கள். சாட் நாட்டுக்குச் சொன்னது 49.54. யாரோ தங்கிவிட்டதற்கு, ஒழுங்காகத் திரும்பியவனின் ஊர்க்காரனையும் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், சில நாட்டுப் பயணிகளிடம் 15,000 டாலர்வரை பிணைத்தொகை கேட்கும் திட்டமும் வந்தது.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடுவது இன்னொன்று. அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அவர்கள் பதிவில் பிழை இருந்தால் அந்தத் துண்டுச்சீட்டும் மும்பையில் இறங்கியபோது குத்திய முத்திரையும்தான் சாட்சி.

மாமி அன்னப்பிராசனத்தை வீடியோ காலில்தான் பார்த்தார். போர்டிங் பாஸ் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.