கம்பெனி மாறுவதற்கு முன் சான்றிதழைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

“ஆச்சி, ஏடபிள்யூஎஸ் முடித்தால் வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமா?” காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஏடபிள்யூஎஸ் என்பது அமேசானின் கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் சேவை; அதற்கான சான்றிதழைத்தான் சொல்கிறார்கள். கிளவுட் வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் இருப்பவளாகச் சொல்கிறேன்: மாறலாம். ஆனால் சான்றிதழ் இண்டர்வியூ வரைக்கும்தான் வரும்.

முதலில் அது யாருக்குத் தேவை என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவற்றின் பார்ட்னராக இருந்து பிற நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகள், சான்றிதழ் உள்ள ஆட்களைக் கணக்குக் காட்டித்தான் அந்த அந்தஸ்தைத் தக்கவைக்கின்றன. அங்கே சம்பளம் பேசும்போது அதைத் தயங்காமல் சொல்லுங்கள். சொந்த மென்பொருளை விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகளில் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அடுத்து ஈமெயில். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆபீஸ் ஈமெயிலில் பதிவு செய்து தேர்வு எழுதியிருந்தால், வேலையை விட்ட அன்றே அந்த ஈமெயில் மூடப்படும். அப்புறம் உங்கள் சான்றிதழுக்குள் நீங்களே நுழைய முடியாது. மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் இருக்கும் மைக்ரோசாஃப்ட் லேர்ன் ப்ரொஃபைலில் சொந்தக் கணக்கையும் இணைக்க வசதி இருக்கிறது. ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். கிரெட்லி என்ற தளத்தில் வரும் டிஜிட்டல் சான்றான பேட்ஜுக்கும் சொந்த ஈமெயிலைச் சேருங்கள். புதிய கம்பெனி சரிபார்ப்பது இந்த ப்ரொஃபைல், பேட்ஜ் லிங்க்குகளைத்தான்.

தேர்வுப் பணத்தைக் கம்பெனி கட்டியதா? அப்படியானால் பாண்டை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை, எடுத்துப் படியுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடை பார்க்கப் போன நம் முன்னோர் மூன்று வருடத்துக்குச் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அந்த மாதிரிச் சீட்டுதான். “பாண்டெல்லாம் செல்லாது” என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி வழக்கு, உங்கள் கம்பெனியின் நிலை வேறாக இருக்கலாம். ஆனாலும் எவ்வளவு தொகை, எத்தனை மாதம் பாக்கி என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய கம்பெனி அதை ஏற்குமா என்பதை ஆஃபர் வாங்கும் முன்பே பேசுங்கள்.

காலாவதித் தேதியையும் பாருங்கள். ஏடபிள்யூஎஸ், சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ இரண்டும் மூன்று வருடம். மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஸூரின் ஏஇசட்-104 ஒரே வருடம்தான். கடைசி ஆறு மாதத்துக்குள் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம், தவறினால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். மூன்று மாத நோட்டீஸ் காலத்துக்குள் தேதி விழுந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இண்டர்வியூவில் நான் சான்றிதழின் பெயரைப் பார்த்துவிட்டு உடனே கேட்பது: “பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரை நீங்களே மீட்டதுண்டா?” டம்ப், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பை மனப்பாடம் செய்தவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டம்ப் பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்யலாம். ரெட் ஹேட் லினக்ஸ் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏ வைத்திருப்பவர்களிடம் எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு, அது முழுக்கச் செய்முறைத் தேர்வு.

தேர்வை வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதுவதானால் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், உட்காராதீர்கள். யாராவது குறுக்கே போனால், கேமரா வழியாகக் கண்காணிப்பவர் தேர்வை நிறுத்திவிடலாம். உள்ளறை ஒன்றைக் காலி செய்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.