தரங்கம்பாடியை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

தரங்கம்பாடிக்கு முதல்முறை போனபோது வண்டியை நேராகக் கோட்டை வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். கோட்டையைச் சுற்றி, கடலில் கால் நனைத்து, நாலு படம் எடுத்துத் திரும்ப ஒரு மணி நேரம்தான் ஆனது. ஊரைப் பார்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊரைத் தரைப் பக்கமிருந்து கடலைப் பார்த்து நடந்து வர வேண்டும். அந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டடமும் அடுத்ததற்கு வழி சொல்லும். முதல்முறை போகிறவர்களுக்காக அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: நாளும் நேரமும்

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்து உண்டு. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் அன்று வேண்டாம். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், உள்ளே சுற்றிப் பார்ப்பது சரியாக இருக்காது. மற்ற எந்த நாளும் சரி. தொப்பி, குடை, தண்ணீர் மூன்றும் கையில் இருக்கட்டும். கோட்டைக்கு முன்னால் இருப்பது பெரிய வெட்டவெளி, மதியத்தில் நிழலே கிடைக்காது.

படி 2: நகர வாயிலில் இறங்குங்கள்

காலை 7 மணிக்கு இங்கே நிற்கப் பாருங்கள். வெள்ளையடித்த இந்த வாயிலில்தான் பழைய ஊர் தொடங்குகிறது. இப்போது இருப்பது 1792இல் கட்டப்பட்டது. இதோடு சேர்ந்திருந்த மதிலின் கதை அதைவிட நூறு வருஷத்துக்கு மேல் பழையது.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டேனியர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னமும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் முப்பது வருஷத்துக்குள், இங்கே வியாபாரம் நடத்திய டேனிஷ் கம்பெனி நொடித்துப்போனது. தாய்நாட்டிலிருந்து கப்பல் வருவது நின்றுவிட்டது. இங்கே மாட்டிக்கொண்ட சிலர் 1655இல் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற மாலுமியைத் தங்கள் தலைவராக்கிக்கொண்டார்கள். 1669இல் அடுத்த கப்பல் வந்து சேரும்வரை அந்த மனிதர் ஊரைக் கைவிடவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அவர் இல்லாவிட்டால் இன்று நாம் பார்க்க ஒரு டேனிஷ் ஊரே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வாயிலின் வெளி முகப்பு மேற்கே பார்க்கிறது, காலையில் அது நிழலாகத்தான் இருக்கும். படம் சரியாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், மாலையில் மறுபடி வருவோம்.

படி 3: கிங் தெருவில் மெதுவாக நடங்கள்

வாயிலிலிருந்து கடலை நோக்கி நேராகப் போகும் தெரு இது. பத்து நிமிஷத்தில் நடந்துவிடலாம், ஆனால் ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு, கனத்த தூண்கள், உயர்ந்த கதவுகள் என்று ஐரோப்பிய வீடுகள் இங்கே இருக்கின்றன. பக்கத்துத் தெருக்களில் புகுந்தால் திண்ணை வைத்த, ஓடு வேய்ந்த நம்மூர் வீடுகள் வந்துவிடும். சுனாமிக்குப் பிறகு பொற்கொல்லர் தெருவில் அப்படிப்பட்ட சில வீடுகளைப் பழைய முறையிலேயே சீர்செய்திருக்கிறார்கள். அவற்றைத் தவறவிடாதீர்கள். எல்லாரும் ஐரோப்பியத் தூண்களையே படம் எடுக்கிறார்கள், எனக்கோ அந்தத் திண்ணைகள்தான் மனசில் நிற்கின்றன. அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள், கேட்காமல் வாசலில் ஏறிப் படம் எடுக்கக் கூடாது.

படி 4: இரண்டு தேவாலயங்கள், ஒரு மனிதர்

இந்தத் தெருவிலேயே இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701இல் வந்தது, டேனியர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டுப் புதிய எருசலேம் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்.

சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர், கிறிஸ்தவ மதப்பணிக்காக டென்மார்க் மன்னர் அனுப்பி வைத்து, 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார். அப்போது அவருக்கு 23 வயது, மறுநாள்தான் 24. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். மன்னர் அனுப்பிய ஆள் என்றாலும் ஊர்த் தளபதிக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1708 கடைசியில் பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள், வெளியே வர நாலு மாசம் ஆனது. அந்தக் கோட்டைக்குத்தான் மத்தியானம் போகப்போகிறோம்.

தேவாலயத்தின் தரைத் திட்டம் சிலுவை வடிவில் இருக்கும். 1718 அக்டோபரில் இது திறக்கப்பட்டது. 1719 பிப்ரவரியில் சீகன்பால்க் இறந்தார், வயது 36தான். தான் எழுப்பிய தேவாலயத்தில் ஐந்து மாசம்கூட முழுசாக ஊழியம் செய்ய அவருக்கு வாய்க்கவில்லை என்று சொல்லலாம். அவருடைய கல்லறை பலிபீடத்தின் முன்னாலேயே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: தமிழ் அச்சேறிய இடம்

சீகன்பால்க் வாழ்ந்த வீட்டை 2017இல் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் இங்கே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். அவை அளவில் மிகப் பெரியவை, ஒரு பக்கத்தில் கொஞ்சம் சொற்களே கொள்ளும், காகிதமோ கப்பலில் வர வேண்டிய பொருள். அதனால் சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள், கடுதாசிப் பட்டறை என்ற பெயர் அங்கே இன்னும் வழங்குகிறது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி வந்தது. இந்த வரிகளைக் கைப்பேசியில் படிக்கும்போது, ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் வார்த்துக் கோத்த அந்தக் கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

படி 6: சாப்பாடும் ஓய்வும்

பழைய ஊருக்குள் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. பொறையாறு போய்ச் சாப்பிட்டு, வெயில் தணியட்டும் என்று 3 மணிவாக்கில் திரும்புங்கள்.

படி 7: டேன்ஸ்போர்க் கோட்டை

முன்னால் இருக்கும் அணிவகுப்பு மைதானத்தைக் குறுக்கே கடக்கும்போது திரும்பி ஆளுநர் மாளிகையைப் பாருங்கள். முதலில் ஆளுநர்கள் கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள், பிற்பாடுதான் அங்கே குடிபோனார்கள். சீகன்பால்க் கரையிறங்கிய நினைவுச் சின்னமும் கடலோரமாக இருக்கிறது.

கோட்டைக்குள் கீழ்த்தளத்தை முதலில் முடியுங்கள். சரக்கறை, சமையலறை, வீரர்கள் தங்கும் அறை, சிறை எல்லாம் இங்கேதான். காலையில் கல்லறையைப் பார்த்துவிட்டு இந்த இருட்டறைக்குள் வந்து நிற்பதற்கும், எதுவும் தெரியாமல் வந்து எட்டிப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அப்புறம் மாடிக்குப் போங்கள். ஒற்றைத் தூண் தாங்கும் கூரை, ஒட்டகத் திமில்கள் நாலைச் சேர்த்து வைத்ததுபோல வளைந்திருக்கும். அண்ணாந்து பார்க்காமல் போகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதன் பிறகு பல காலம் பயணியர் மாளிகையாக இருந்து, 1970களின் கடைசியில்தான் கோட்டை தொல்லியல் துறையின் கைக்கு வந்தது.

படி 8: மாசிலாமணி நாதர் கோயில்

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் கோயில் வரும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டப்பட்டது. டேனியர் வருவதற்கு 300 வருஷத்துக்கு மேல் முந்தையது. ஊருக்குப் பழைய பெயர் சடங்கன்பாடி என்பது இங்குள்ள கல்வெட்டால்தான் தெரிகிறது. 'பாடும் அலைகளின் ஊர்' என்று சுற்றுலா விளம்பரங்கள் அழகாகச் சொல்லும். தரங்கம் என்றால் அலைதான், ஆனால் பாடி என்பது குடியிருப்பு, பாட்டு இல்லை.

பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். படத்துக்காக அவற்றின் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும், அலையும் வேகமாக அடிக்கும். பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பு இருக்கிறது. 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

படி 9: வந்த வழியே திரும்புங்கள்

5 மணிக்கு மேல் அதே கிங் தெருவில் மேற்கே நடங்கள். காலையில் முதுகுப்பக்கம் இருந்த சுவர்களெல்லாம் இப்போது கண்ணெதிரே வரும். வாயிலைத் தாண்டி வெளியே பத்தடி போய்த் திரும்பிப் பாருங்கள். காலையில் நிழலாக நின்ற முகப்பில் இப்போது மாலை வெயில் முழுதாக விழுந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போங்கள்.