ஹைபிரிட் காரில் சூட்டை வீணாக்கும் தவறுகள்

பெற்றோலின் சக்தியில் பாதிக்கு மேல் சக்கரத்துக்குப் போவதில்லை. சைலன்சர் வழியாகவும் றேடியேற்றர் வழியாகவும் வெறும் சூடாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கைப் பிடித்து எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கினால் அது சீக்கிரம் அணைந்து மின்மோட்டருக்கு இடம் விடும், லீற்றருக்கு ஓடும் தூரமும் கூடும். 2009இல் வந்த டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரின் சைலன்சர் குழாயில் இதற்கென்றே ஒரு வெப்பமாற்றி இருக்கிறது; புகையின் சூட்டை அது கூலன்டுக்கு, அதாவது எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விக்கும் திரவத்துக்கு, மாற்றிக் கொடுக்கும். மட்டக்களப்பில் வேலை பழகும் பொடியன்கள் திரும்பத் திரும்பக் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

கார் அளவுக்கு மீறிச் சூடேறினால் இதைக் கழற்றிவிட்டு, “நம்மட வெயிலுக்கு இது தேவையில்லை” என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பிரியஸின் தேர்மோஸ்டாட் 80–84 பாகையில்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை கூலன்டை றேடியேற்றருக்கு விடாது. அதைக் கழற்றினால், வெப்பமாற்றி பிடித்துக் கொடுத்த சூட்டையும் சேர்த்து றேடியேற்றர் காற்றில் விட்டுவிடும். கூலன்ட் ஏறத்தாழ 70 பாகையைத் தாண்டும்வரை கம்பியூட்டர் எஞ்சினை மனதார அணைக்காது. கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடிக்குப் போய்வரும் குட்டி ஓட்டத்தில், அதுவும் மாரி மழையில், பற்றரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். ஒயிலில் ஈரமும் பெற்றோலும் சேரும்.

இதைவிட மோசம், கார் ஏன் சூடேறியது என்ற காரணம் மறைந்துபோவது. கூலன்டை ஓட்டும் மின் வோட்டர் பம்ப் பலவீனமாகியிருக்கலாம் (ஸ்கேனரில் பி261பி என்ற பிழைக் கோட் வரும்), எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கஸ்கெட் கசிந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் விட்டால் முடிவில் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

ஸ்கேனர் பி0128 (கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்ற கோட்) காட்டினால் தேர்மோஸ்டாட்டைத்தான் முதலில் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி றேடியேற்றரின் கீழ் ஹோஸைத் தொடுங்கள்: 80 பாகைக்கு முன்பே சூடானால் தேர்மோஸ்டாட் திறந்தபடி இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. புதிதைப் பூட்டுமுன் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தேர்மோமீற்றர் வைத்துத் திறக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும்.

கிணற்றுத் தண்ணீர்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கிணறுகளில் உப்பு அதிகம். வெப்பமாற்றியின் ஒடுங்கிய வழிகளில் அது படிந்து அரிக்கும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட் தண்ணீர் கலந்தே வருகிறது. தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

காற்றெடுக்காமல் மூடுவது

கூலன்ட் நிரப்பும்போது வெப்பமாற்றிக்குப் போகும் ஹோஸ்களில் காற்று தங்கும். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்கேனரால் பம்பை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள்.

சைலன்சர் சூட்டில் மின்சாரம் எடுக்கும் கிட்

வாங்க வேண்டாம். அந்தச் சூட்டில் மின்சாரமாகப் பிடிபடுவது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். ஊருக்குள் எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கும்.