மாதவிடாய் அவதிக் கேள்வித்தாள்: தமிழாக்கியதைச் சோதிப்பது எப்படி?

அமெரிக்க உளவியலாளர் ருடால்ஃப் மூஸ் 1968-இல் வெளியிட்ட மாதவிடாய் அவதிக் கேள்வித்தாளில் (ஆங்கிலச் சுருக்கம் எம்.டி.கியூ.) 47 அறிகுறிகள், 8 பிரிவுகள். குமரி மாவட்டத்துக் கல்லூரிப் பெண்களிடம் அதைத் தமிழில் கொடுக்க வேண்டுமென்றால் வேலை இப்படிப் போகும்.

1. அனுமதி. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். 18 வயது ஆகாத மாணவி என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், அவளுடைய சம்மதமும் வேண்டும்.

2. மொழிபெயர்ப்பு. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யட்டும். ஒருவர் மருத்துவம் தெரிந்தவர், இன்னொருவர் துறைக்கு வெளியே உள்ளவர். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறு இருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்குங்கள்.

3. நிபுணர் குழு. ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கு 0.78-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆறு பேர் என்றால் ஐந்து பேராவது ஒப்ப வேண்டும். ஐந்தே பேர் என்றால் அந்த 0.78 போதாது, ஐவரும் ஒப்ப வேண்டும்.

4. சொல்லிக்காட்டச் சொல்வது. சில மாணவிகளிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள். பலரும் தாவிவிடும் படி இதுதான். கேள்வித்தாள் கெட்டுப்போவதும் இங்கேதான். சிடுசிடுப்பைக் கேட்கும் வரியில் 'எரிச்சல்' என்று போட்டிருப்பீர்கள். திரும்ப ஆங்கிலமாக்கும்போது அது சரியாகவே வரும், நிபுணர்களும் தலையாட்டுவார்கள். "இதுல என்ன கேக்காங்கன்னு தோணுது மக்ளே?" என்று கேட்டுப் பாருங்கள். "மூத்திரம் போகும்போ எரியுமே, அதானே அக்கா?" என்று பதில் வரும். 'சட்டுன்னு கோவம் வருதா' என்று மாற்றினால் தீர்ந்தது. 'மனச்சோர்வு' என்றால் பாதிப் பேர் அசதி என்றே எடுத்துக்கொள்வார்கள். 'மிதமான வலி' வானிலை அறிக்கை மழை போல இருக்கிறது, 'ஓரளவு' போதும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என மூன்று பக்கமும் சேர்த்து 30 பேராவது வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் கலந்த பேச்சு, கடற்கரையில் வேறு பேச்சு. 'மேலு வலி' நம்மூரில் உடம்பு வலிதான். அச்சில் 'உடம்பு வலி' என்றே போடுங்கள், வாயால் விளக்கும்போது 'மேலு' சொல்லலாம். பிரிவுகளின் தலைப்பைத் தாளில் போடாதீர்கள். நீர் தேங்குவதை 'நீர்க்கட்டு' என்று போட்டால் கர்ப்பப்பை 'நீர்க்கட்டி' என்று வாசித்துப் பயந்துவிடுவார்கள்.

5. பெரிய மாதிரி. ஒரு கேள்விக்கு 5 பேர் என்றால் 235, 10 பேர் என்றால் 470. காரணிகளை (எந்தெந்தக் கேள்விகள் ஒரே கொத்தாகச் சேர்கின்றன என்பதை) நீங்களே தேடிக் கண்டுபிடித்துப் பிறகு உறுதிசெய்வதானால் இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் வேண்டும். அதே ஆட்களை வைத்தே உறுதிசெய்வது, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுவது போல.

6. கணக்கு. ஆல்ஃபாவை (ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் போடுங்கள், 0.70-க்கு மேல் வந்தால் நல்லது, 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். மொத்தத்தைக் கூட்டாதீர்கள்: உற்சாகம், சுறுசுறுப்பு கேட்கும் ஒரு பிரிவு இருக்கிறது, அது அவதி அல்ல. காதில் இரைச்சல், மரமரப்பு கேட்கும் பிரிவில் ('கட்டுப்பாடு' என்பது அதன் பெயர்) பெரும்பாலோர் 'இல்லை' என்பார்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் ஆல்ஃபா இறங்கலாம், அதற்காக மொழிபெயர்ப்பை உடனே குறை சொல்லாதீர்கள்.

கருவி என்றால் எனக்கு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்தான். இலவசம், ஆல்ஃபாவும் அதே வேலைக்கான இன்னொரு எண்ணான ஒமேகாவும் சேர்ந்தே வரும். பதில்கள் 'இல்லை', 'ஓரளவு' என்று படிப்படியாக இருப்பதால், காரணிகளை உறுதிசெய்யும் பகுப்பாய்வுக்கு மட்டும் ஆர் என்ற கணினி மொழியின் லாவான் தொகுப்புக்குப் போய், அப்படிப்பட்ட பதில்களுக்கான டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி. முறையில் போடுங்கள். எக்செலில் ஆல்ஃபா போடுவது வீண் வேலை.

7. மறுசோதனை. பாடப்புத்தகம் 'இரண்டு வாரம் கழித்து' என்னும். 'இன்று எப்படி இருக்கிறது' என்று கேட்கும் படிவத்தில் இது உதவாது. இரண்டு வாரத்தில் உடம்பின் கட்டமே மாறிவிடும், ஐ.சி.சி. (இரண்டு முறை பதிலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) விழும், குற்றம் கேள்வித்தாளின் மேல் வரும். போன சுற்றை நினைத்து நிரப்பும் படிவத்தை எடுங்கள். தீட்டு நின்ற இரண்டு மூன்று நாளில் முதல் முறை, அதிலிருந்து 10 நாளில் மறுமுறை. அடுத்தது வருவதற்குள் முடித்தால்தான் இரண்டு பதிலும் ஒரே சுற்றைப் பற்றியதாக இருக்கும். 50 பேராவது தேவை, ஐ.சி.சி. 0.75-க்கு மேல் வர வேண்டும். இரண்டு முறையும் கடைசியாக வந்த தேதியைக் கேட்டு எழுதுங்கள். தேதி மாறியிருந்தால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.