குரல்வளை எடுக்குற ஆபரேஷனா? முன்னாடியே இதெல்லாம் பாத்துக்கோங்க

தொண்டை கேன்சருக்கு குரல்வளையை முழுசா எடுக்கணும்னு டாக்டர் சொன்னதும் வீட்ல எல்லாரும் இனிமே பேச்சு வராதேன்னு அதையே நினைச்சு உடைஞ்சு போயிடுறாங்க, ஆனா ஆபரேஷன் முடிஞ்ச முதல் ரெண்டு வாரம் அதிகமா பயப்பட வேண்டியது ஃபிஸ்டுலாவுக்குத்தான். அதாவது உள்ள போட்ட தையல் ஒட்டாம எச்சில் கழுத்து வழியா கசிய ஆரம்பிச்சிடும். அப்படி ஆச்சுன்னா வாய் வழியா சாப்பிடுறது தள்ளிப்போகும், அடுத்து குடுக்க வேண்டிய ரேடியேஷனும் தள்ளிப்போகும், எச்சில் பெரிய ரத்தக்குழாய் பக்கம் போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து.

ஏற்கனவே ரேடியேஷன் எடுத்தும் கட்டி திரும்ப வந்து ஆபரேஷன் பண்றவங்களுக்கு இந்த ரிஸ்க் ரொம்ப அதிகம், ஏன்னா அந்த இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சு புண்ணு ஆற மாட்டேங்கும். நடந்ததை மாத்த முடியாது, ஆனா நெஞ்சுத் தசையை எடுத்து வெச்சு தைக்கப் போறீங்களான்னு சர்ஜன்கிட்ட கண்டிப்பா கேளுங்க, அது கசிவைக் குறைக்கும்.

நம்ம கையில இருக்குறது சத்து. முழுங்க முடியாம மாசக்கணக்கா கஞ்சித் தண்ணியில ஓட்டுனவங்களுக்கு ஹீமோகுளோபின், ஆல்புமின் (ரத்தத்துல இருக்குற ஒரு புரதம்) ரெண்டும் குறைஞ்சிருக்கும், ரத்த டெஸ்ட்ல ஆல்புமின் 3.5 g/dLக்கு கீழ இருந்தா டயட்டீஷியனைப் பாக்காம விடாதீங்க. மூக்கு வழியா டியூப் போடணும்னா போட்டுக்கோங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா அள்ளிக் குடுத்தாலும் ரத்தத்துல உப்புச்சத்தெல்லாம் தாறுமாறாகும், அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். சுகர் கன்ட்ரோல்ல இருக்கான்னு பாருங்க. ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு தைராய்டு குறைஞ்சிருந்தாலும் புண்ணு ஆறாது, டிஎஸ்எச்ங்கிற தைராய்டு ரத்த டெஸ்ட் பாக்கச் சொல்லுங்க.

பீடி, சிகரெட் இன்னைக்கே நிறுத்தணும். அதுக்காக ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போடாதீங்க, கேன்சர் காத்திருக்காது. தினமும் குடிக்கிறவர்னா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, திடீர்னு நிறுத்துனா ரெண்டாவது மூணாவது நாள்ல கை நடுங்கி, குழம்பிப்போய் டியூபைப் புடுங்கிடுவாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல், கழுத்துல சிவப்பு, வீக்கம், கழுத்துல நீர் வடிய வெச்சிருக்குற டிரெயின் டியூப்ல கெட்ட வாடை, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் ஊசி குத்துற மாதிரி இருந்தா கால்சியம் குறைஞ்சிருக்கலாம். வீட்டுக்கு வந்தப்புறம் எந்த அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனாலும் ஆக்சிஜனை மூக்குல வெக்காம ஆபரேஷன்ல மூச்சுக்காக கழுத்துல போட்ட ஓட்டையில வெக்கச் சொல்லுங்க, அவருக்கு மூச்சு அது வழியா மட்டும்தான்.