சத்தம் மங்கிப்போன கேசட்டு தெளிஞ்ச கதை

பினாங்குல ஒரு அண்ணன்கிட்ட மாத்திக்கிட்ட கேசட்டு இது, கிரேட்ஃபுல் டெட்ங்கிற அமெரிக்க ராக் குழுவோட கச்சேரிய ரசிகர் ஒருத்தர் மைக் வச்சு எடுத்தது, 1984லயே டேப் பண்றவங்களுக்குன்னு தனி இடம் ஒதுக்குன பேண்டு, ஆனா என் கேசட் டெக்ல போட்டா டிரம்ஸோட சிம்பல் தட்டு சத்தமே இல்ல, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி. டேப் போச்சுன்னாரு அண்ணன், எனக்கு மனசு வரல.

டெக்ல டேப்ப உரசிப் படிக்கிற ஹெட்ட ஆல்கஹால் பட்ஸால தொடச்சேன், கொஞ்சம்தான் தேறிச்சு. அப்புறம் ஹெட் பக்கத்துல ஸ்ப்ரிங் போட்ட சின்ன ஸ்குரூ இருக்கும்ல, ஹெட்டோட சாய்வ மாத்துற அசிமத் ஸ்குரூ, அத மோனோவா, அதாவது ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்ணா சேத்து கேட்டுக்கிட்டே மயிரிழை மயிரிழையா திருப்புனேன், ஒரு இடத்துல சிம்பல் பளிச்சுனு வந்துச்சு பாருங்க, உடம்பே சிலிர்த்துருச்சு! ரெக்கார்ட் பண்ண மெஷின் ஹெட்டோட சாய்வும் நம்ம ஹெட்டோட சாய்வும் ஒத்துப்போகலன்னா ட்ரெபிள், அதாவது கீச்சுச் சத்தம், இப்படித்தான் காணாம போயிரும். உடனே கம்ப்யூட்டர்ல 24 பிட் தரத்துல ஏத்தி, சத்தம் எதுவும் இழக்காம சுருக்குற ஃப்ளாக் ஃபைலா வச்சுட்டேன். காப்பி வாங்கிக்கிறவங்க தயவுசெஞ்சு எம்பித்ரீயா மாத்திக் கைமாத்தாதீங்க, அதுல கொஞ்சம் சத்தம் வெட்டுப்படும், போன சத்தம் திரும்ப வராது, காசுக்கும் விக்காதீங்க.