ஆட்டிறைச்சிக் கறியை முதல் நாளே சமையுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக்கான ஆட்டிறைச்சிக் கறியைச் சனிக்கிழமை மாலையே தேங்காய்ப்பால் சேர்க்காமல் சமைத்து, சூடு தணிந்ததும் அகலமான பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மேலே மஞ்சள் மெழுகுபோல் உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் பெயர்த்தெடுத்த பிறகு கொதிக்க வையுங்கள்.

இறைச்சியிலிருந்து உருகி வரும் கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருப்பதால் குளிரில் கட்டியாகிறது. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துவது பெரும்பாலும் இவ்வகைக் கொழுப்பே. நாம் தாளிக்கும் செம்பனை எண்ணெயின் ஒரு பகுதியும் அதோடு சேர்ந்து உறையும். ஒரு மேசைக்கரண்டி எடுத்தாலே ஏறத்தாழ 120 கலோரி குறைகிறது; மசாலா ஊறிய சுவையோ கூடுகிறது. எடுத்த கொழுப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

சந்தான், அதாவது தேங்காய்ப்பால், ஊற்றிக் கொதிக்கவைத்த கறிக்கும் குருமாவுக்கும் இம்முறை சரிவராது; தேங்காய்க் கொழுப்பு குழம்போடு கலந்துவிடுவதால் முழுமையாகப் பிரிந்து வராது. சந்தான் வேண்டுமென்றால் மறுநாள் சூடாக்கும்போது சிறிதளவு சேர்க்கலாம். ஈரல், மூளை ஆகியவற்றுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலும் குழம்பில் கரைந்த உப்பும் இதனால் குறையா. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சமைக்கும்போதே உப்பைக் குறைக்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற வெப்பமான ஊரில் கறியை இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டு வைப்பதும் கூடாது.